டைமண்ட் இல்லையா மைனி?

பிப்ரவரி 3, செவ்வாய்

முன்னறைக் கதவு நிலை நடுவில் வளைந்திருக்கிறது. உப்புக் காற்றுக்கு இந்தத் தூத்துக்குடியில் எந்த மரம்தான் தாங்கும்? மருமகள் ஷீபாவிடம் சொன்னேன். "நல்லாத்தானே இருக்கு அத்தை" என்று சொல்லிவிட்டு வங்கிக்குக் கிளம்பிப் போய்விட்டாள். வீட்டில் எது நிமிர்ந்திருக்கிறது, எது சாய்ந்திருக்கிறது என்று பார்க்க அவளுக்கு ஏது நேரம். மகன் ஜெபசிங் மஸ்கட்டில் இருக்கிறான். ஆசாரியை நானே வரச் சொல்லியிருக்கிறேன்.

இந்த வருஷத்து டைரியில் கோடுகளை மங்கலாக அச்சடித்திருக்கிறான். ஓசியில் கொடுப்பது அப்படித்தான் இருக்கும். கொட்டை எழுத்தாக எழுதினால் சரியாக வருகிறது.

சாயங்காலம் கிளப்பில் பிரிட்ஜ் ஆட்டம். என் ஜோடி நாத்தனார் ஞானசெல்வம், என் வீட்டுக்காரரின் தங்கை. என் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "அஞ்சாங்கிளாஸ் படிச்ச பொண்ண எங்க அண்ணன் தலையில கட்டிட்டாவ" என்று சொன்னவள். பச்சைப் பட்டு உடுத்தியிருந்தாள். கையில் பாதி கடித்த அப்பளம். நான் எதையும் மறப்பதில்லை. அந்த அஞ்சாங்கிளாஸ்தான் இன்றைக்கு அவளுக்கு எதிரே உட்கார்ந்து, போன ஆட்டத்தில் யார் எந்தச் சீட்டைப் போட்டார்கள் என்று வரிசையாகச் சொல்கிறது.

செல்வத்துக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்திருக்கிறது. சீட்டைப் போடும்போது அதன் பேரை வாய்விட்டுச் சொல்கிறாள். "ஹார்ட் ராணி." "கிளாவர் ஒம்பது." எதிராளி போடுவதையும் விடுவதில்லை. ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுப்பது போல. ஏன் என்று கேட்டேன்.

"எனக்கு ஞாபகம் நிக்க மாட்டேங்கு மைனி, அதான்."

பொய். என்னைக் குத்திக் காட்ட அவளுக்கு இன்னும் ஒரு வழி கிடைத்திருக்கிறது.

பிப்ரவரி 5, வியாழன்

ஆசாரி வந்தான். நிலையின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அளந்தான். "நூல் பிடிச்ச மாதிரி இருக்கு பாட்டி. எங்க வளைஞ்சிருக்கு?" என்றான். விரலால் காட்டினேன். அவன் நூலையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். அவன் தொங்கவிட்ட நூலும் நடுவில் வளைந்துதான் தொங்கியது.

வேலை தெரியாதவன். வந்ததற்குக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

 

பிப்ரவரி 7, சனி

இருபத்தொன்றாம் தேதி பாளையங்கோட்டையில் ஜோடிப் போட்டி. செல்வம் வீட்டில் பயிற்சி செய்தோம். ஸ்லாம் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆட்டத்தில் மொத்தம் பதின்மூன்று பிடி. பன்னிரண்டு பிடிப்பேன் என்று கேட்டால் சின்ன ஸ்லாம், பதின்மூன்றும் என்றால் பெரிய ஸ்லாம். துணிந்து கேட்பதற்கு முன் ஏஸ்கள் யாரிடம் என்று தெரிய வேண்டும். நாலு நோ டிரம்ப் என்று நான் கேட்டால், அவள் தன்னிடம் எத்தனை ஏஸ் என்று சொல்ல வேண்டும்.

ஆனால் என் கையில் டைமண்டோ கிளாவரோ, ஒரு இனமே இல்லாதபோது இந்தக் கேள்வி உதவாது. அந்த இனத்து ஏஸ் எதிராளியிடம் இருந்தால் எனக்குக் கவலையில்லை, துருப்பால் வெட்டிவிடுவேன். அவளிடம் இருந்தால் அது எனக்கு வேண்டாத ஏஸ். "ஒண்ணு" என்று அவள் சொன்னால், அது எந்த ஒன்று என்று நான் எங்கே போய்த் தேட? அதற்காகத்தான் இன்னொரு கேள்வி. கையில் இல்லாத இனத்தின் பேரையே ஐந்துக்குத் தாவிச் சொல்ல வேண்டும். ஸ்பேடு துருப்பு என்று முடிவான பிறகு நான் "அஞ்சு டைமண்ட்" என்றால், எனக்கு டைமண்டே கிடையாது, டைமண்ட் ஏஸை விட்டுவிட்டு மற்றதைச் சொல் என்று அர்த்தம். அதற்கு அடுத்த படியான அஞ்சு ஹார்ட்டைச் சொன்னால் ஒன்றும் இல்லை. அதற்கும் அடுத்த அஞ்சு ஸ்பேடு, ஒன்று. அதற்கும் மேலே, இரண்டு.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் மறைந்த என் வீட்டுக்காரர். ஒரே ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். "புஷ்பம், இல்லேன்னு சொன்னா இல்லாம இருக்கணும். இதுல பாதி இல்லைங்கதெல்லாம் கெடையாது."

செல்வத்தின் வீட்டு விளக்கு ரொம்ப மங்கல். ஜன்னலோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் எழுந்து பகலிலேயே எல்லா விளக்கையும் போட்டாள். கரண்ட் பில்லுக்குக் கணக்குப் பார்க்கிற பெண்பிள்ளை!

பிப்ரவரி 9, திங்கள்

இரண்டு சீலா மீன் துண்டு வறுத்தேன். ஒன்று கருகிவிட்டது. கருகியது எனக்குத் தெரியவில்லை. வாசனையில்தான் தெரிந்தது.

பிப்ரவரி 11, புதன்

முகம் கழுவும்போது வலது கண்ணில் சோப்பு போய்விட்டது. அதை மூடிக்கொண்டு இடது கண்ணால் கண்ணாடியைப் பார்த்தேன்.

தலைமுடி தெரிந்தது. காது இரண்டும் தெரிந்தன. கழுத்தில் செயின் தெரிந்தது. முகம் இல்லை. எழுதிய சிலேட்டின் நடுவில் யாரோ எச்சில் தொட்டு அழித்தது போல ஒரு சாம்பல் திட்டு. தலையைத் திருப்பினேன், அதுவும் கூடவே திரும்பியது. கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன்.

கண்ணாடி பழசு. ரசம் போயிருக்கும்.

குளியலறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் வாளிமேல் உட்கார்ந்திருந்தேன். ஷீபா தட்டினாள். "வயிறு சரியில்ல" என்றேன்.

பிப்ரவரி 12, வியாழன்

எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதாவிட்டாலும் அது மனசை விட்டுப் போகவில்லை.

என் அம்மாவுக்குப் பார்வை போனபோது அவளுக்கு இப்போதைய என் வயதுகூட இல்லை. அண்ணன் வீட்டில் பின்கட்டில் அவளுக்குக் கட்டில் போட்டார்கள். கட்டிலிலிருந்து கக்கூஸ் வரைக்கும் தேங்காய்க் கயிறு கட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போய்வருவாள். ஒருநாள் நான் சொல்லாமல் போய் நின்றபோது அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் இருந்தது ஊசிப்போன சோறு. நூல் விட்டுக்கொண்டிருந்தது. ஓரத்தில் எறும்பு. அண்ணன் பெண்டாட்டி லில்லி, அடுப்படியில் சூடான மீன் குழம்பை இறக்கிக்கொண்டிருந்தாள். நான் கேட்டதற்கு, "அவியளுக்கு என்ன தெரியவா போவுது" என்றாள்.

அம்மாவுக்குக் கண்தான் போயிருந்தது. நாக்கு போகவில்லை. "வாசம் தெரியத்தான் செய்யிது புஷ்பம். கேட்டா இதுவும் கெடைக்காது" என்று என் காதில் சொன்னாள்.

லில்லி செத்ததற்கு நான் போகவில்லை.

ஷீபா நல்ல பெண்தான். லில்லியும் முதலில் நல்ல பெண்தான்.

பிப்ரவரி 14, சனி

கிளப்பில் புதுச் சீட்டுக்கட்டு வாங்கியிருக்கிறார்கள். வழவழவென்று, வெளிச்சம் பட்டால் பளீரென்று அடிக்கிறது. சிவப்பெல்லாம் ஒரே சிவப்பு. செயலாளரிடம் சண்டை போட்டேன். "மத்த யாரும் ஒண்ணும் சொல்லலியேம்மா" என்கிறான்.

வாயால் கேட்பதற்குப் பதில் எடுத்து வைக்கிற கேள்விச் சீட்டுகளைப் பெட்டியிலிருந்து விரலால் எண்ணி எடுத்துவிடுகிறேன். அதற்குப் பார்வை வேண்டாம். கையில் வரும் சீட்டைத்தான், சாய்த்து, ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், என் தலைக்குள் போய் உட்கார்ந்துவிடும். செல்வம் பேர் சொல்லிக்கொண்டே இருந்தாள். இன்றைக்கு நான் திட்டவில்லை.

திரும்பும்போது கிளப் வாசல்படியில் என் முழங்கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன்.

"மைனி, கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போய்ட்டு வருவமா? எனக்குக் கண்ணாடி மாத்தணும். தொணைக்கு வாங்களேன்."

"ஒனக்குத் தொணைக்கு ஒன் மகளக் கூட்டிட்டுப் போ."

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். கோவிலில் பாட்டு எண் எழுதிய பலகை இருந்தது. எண் இல்லை. முதல் வரி பாடினதும் எனக்குப் பாட்டு முழுக்க வந்துவிட்டது, புத்தகத்தைச் சும்மா விரித்து வைத்துக்கொண்டேன். பாஸ்டர் வந்து கையைப் பிடித்துப் பேசினார். குரலை வைத்துத்தான் பாஸ்டர் என்று தெரிந்தது. அங்கிக்கு மேலே அந்தச் சாம்பல் திட்டு.

ஜெபத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். பின்கட்டு வேண்டாம் ஆண்டவரே.

பிப்ரவரி 21, சனி

போட்டி. எழுதித்தான் ஆக வேண்டும்.

முதல் மேசையில் உட்கார்ந்ததுமே நடுவர் வந்து, "அம்மா, சீட்டுப் பேரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, பக்கத்து மேசைக்குக் கேக்கும்" என்று செல்வத்தை அடக்கிவிட்டார். அவள் என்னவோ சொல்லிப் பார்த்தாள். "ரூல் ரூல்தாம்மா." அதற்குப் பிறகு மேசை திடீரென்று இருட்டிப்போனது போல இருந்தது. விளக்கெல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தது.

மூன்றாவது மேசையில் எதிராளி வேதமாணிக்கம், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு வந்த கை: ஏழு ஸ்பேடு, ஏஸ், ராஜா, ராணி மூன்றும் அதில். ஐந்து ஹார்ட், ராஜா, ராணி, ஜாக்கோடு. ஒற்றைக் கிளாவர் ஏஸ். டைமண்ட் இல்லை. சாய்த்துப் பார்த்தேன். கறுப்பு ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம். சிவப்பு ஐந்தும் ஹார்ட்.

செல்வம் கிளாவரில் ஆரம்பித்தாள், நான் ஸ்பேடு சொன்னேன், அவள் மூன்று ஸ்பேடு என்று தூக்கினாள். எனக்கு வேண்டியது ஹார்ட் ஏஸ் ஒன்றுதான். பெட்டியில் விரலால் எண்ணி அஞ்சு டைமண்டை எடுத்து வைத்தேன். அவள் அஞ்சு ஸ்பேடு வைத்தாள். இரண்டாம் படி. ஒன்று. டைமண்டை விட்டால், ஹார்ட் ஏஸைத் தவிர மற்ற ஏஸ் எல்லாம் என்னிடம். அப்படியென்றால் அது ஹார்ட் ஏஸ்தான். ஏழு ஸ்பேடு வைத்தேன். பெரிய ஸ்லாம். 

வேதமாணிக்கம் டைமண்ட் ஏஸை இறக்கினார். அவரே பேரைச் சொல்லிக்கொண்டே இறக்கினார், அவ்வளவு சந்தோஷம். செல்வம் தன் கையை மேசையில் விரித்து வைத்தாள். நான் துருப்பால் வெட்டினேன்.

"டைமண்ட் இல்லையா மைனி?"

கையை விரித்து வைத்தவள் அப்படிக் கேட்கலாம். அது விதியில் உண்டு.

"இல்ல."

"மைனி, டைமண்ட் இல்லையா?"

"இல்லேன்னா இல்லதான்! எத்தன தடவ சொல்ல?"

துருப்புகளை எல்லாம் இழுத்தேன். பிறகு சின்ன ஹார்ட் ஒன்றைப் போட்டு, மேசையிலிருந்து ஹார்ட் ஏஸைக் கேட்டேன். செல்வம் ஏஸைத் தொடவில்லை.

"தங்கபுஷ்பம் அம்மா," என்றார் வேதமாணிக்கம், "நீங்க போட்டது டைமண்ட் நாலு."

அதைக் கையில் எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, சாய்த்துப் பார்த்தேன். சிவப்பு. சிவப்பு மட்டும்தான்.

நடுவரை அழைத்தார்கள். தண்டனையாக இரண்டு பிடியை எடுத்து அவர்களுக்குக் கொடுத்தார். வேதமாணிக்கத்துக்கு அது போதவில்லை. "வெட்டிட்டு ஒளிச்சு வச்சா ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நெனச்சாவளா? இத்தன வருஷம் ஆடுனதெல்லாம் இப்பிடித்தானா?" என்று பக்கத்து மேசைகளுக்குக் கேட்கும்படி சொன்னார். நீலச் சட்டை. வலது கையில் இரண்டு மோதிரம். இதையும் நான் மறக்க மாட்டேன்.

செல்வம் எழுந்துவிட்டாள். "எங்க மைனி ஒளிச்சு ஆடுத ஆளு இல்ல. வாய மூடிட்டு ஒக்காரும்யா. ஒம்ம வங்கியில நீரு ஒளிச்சதெல்லாம் நான் சொல்லவா?"

மீதி ஆட்டத்துக்கு நாங்கள் இருக்கவில்லை. மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் பெஞ்சில் உட்கார்ந்தோம். வெயில். செல்வம் முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

"ரெண்டு தடவ கேட்டேன் மைனி."

"இல்லேன்னு நெனச்சேன்."

"நெனச்சியளா, பாத்தியளா?"

நான் மரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கிளாவர் ஒம்பது, ஹார்ட் ராணின்னு நான் எதுக்குத் தொண்ட வத்தக் கத்துதேன்னு நெனச்சிய? எனக்கு மறதியா? நீங்களா சொல்லுவியன்னு எத்தன நாளு காத்துக் கெடந்தேன்."

அப்போதுதான் அம்மாவின் சோற்றைப் பற்றிச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அவளிடம் சொன்னதில்லை. அவள் அண்ணனிடமே சொன்னதில்லை.

அவள் மூக்கைச் சிந்தினாள். "ஷீபா ஒங்களுக்கு ஊசின சோறு போடுவாளா? முதல்ல அவளுக்குச் சோறு ஆக்கத் தெரியுமா?"

சிரிப்பு வந்தது.  அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் உதறவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

கண் ஆஸ்பத்திரி. ஷீபாவிடம் கிளப் என்று சொன்னேன்.

கட்டம் போட்ட ஒரு காகிதத்தைக் காட்டி, நடுவில் இருக்கிற புள்ளியைப் பாருங்கள் என்றார்கள். எந்தப் புள்ளி? கட்டங்கள் எல்லாம் என் வீட்டுக் கதவு நிலையைப் போல நெளிந்துகிடந்தன. கையில் மஞ்சள் மருந்து ஏற்றிக் கண்ணைப் படம் பிடித்தார்கள். டாக்டர் சின்னப் பெண். நல்ல குரல்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு பாட்டி?"

"ஒரு வாரமா."

"கிறிஸ்மஸ்ல இருந்தே டாக்டர்," என்றாள் செல்வம். "கேக் வெட்டச் சொன்னா மேசைய வெட்டுனாவ."

இடது கண்ணின் நடுப்பார்வையில் தழும்பு விழுந்துவிட்டதாம். அது திரும்பாது. வலது கண்ணில் இப்போதுதான் கசிவு ஆரம்பித்திருக்கிறது. இந்த வாரமே ஊசி போட்டால் நிறுத்திப் பார்க்கலாம். தள்ளிப்போட்டால் இதுவும் அதைப் போல ஆகிவிடும். முழு இருட்டு வராது, ஆனால் முகம் தெரியாது, எழுத்து தெரியாது.

"ஊசி எங்க போடுவீங்க?"

"கண்ணுலதான் பாட்டி. மரத்துப்போக மருந்து விடுவோம்."

நல்ல கண்ணில் ஊசியா! எழுந்து வெளியே வந்துவிட்டேன். கதவென்று நினைத்துச் சுவரைப் பிடித்தேன். செல்வம் திருப்பிவிட்டாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

போக மாட்டேன்.

பிப்ரவரி 25, புதன்

செல்வம் வந்தாள். தன் மாமியார் பதநீர் குடிக்கச் சொன்ன கதையிலிருந்து ஆரம்பித்து, கடைசியில் ஊசிக்கு வந்தாள். "பெரிய ஸ்லாம் கேக்கத் தைரியம் இருக்கு, இதுக்கு இல்லையா மைனி" என்றாள்.

"சீட்டையும் கண்ணையும் ஒண்ணாக்காத. சீட்டு தோத்தா மறுபடி கலைச்சுப் போடுவான்."

 அன்றைக்கு நான் எழுந்தபோது டாக்டர் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நூறு பேரில் ஒருவருக்குக் கூட வராது, ஆனால் சீழ் பிடித்தால் கண்ணே போய்விடலாம் என்றாள். அந்த ஒருவர் யார் என்று எந்த டாக்டருக்கும் தெரியாது. அம்மாவிடம் கேட்டிருந்தால் போ என்று சொல்லியிருப்பாளா? அவள் காலத்தில் இந்த ஊசி இல்லை. இருந்தாலும் லில்லி கூட்டிப்போயிருக்க மாட்டாள்.

பிப்ரவரி 26, வியாழன்

காலையில் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் மட்டும் என் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்தேன். நேற்று முழுசாக இருந்தார். இன்று மீசையின் ஒரு நுனி கரைந்து கன்னத்தில் ஓடியிருந்தது.

 படத்தைக் கழற்றி ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். வாசலுக்குக் கொண்டுபோனேன். வெயிலிலும் அப்படியேதான்.

செல்வத்துக்குப் போன் போட்டேன். எண் மனப்பாடம், பொத்தானைத்தான் தடவித் தடவி அழுத்தினேன். "நாளைக்குப் போவோம்" என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 28, சனி

நேற்று எழுத முடியவில்லை. இதுவும் கோணல்மாணலாகத்தான் வரும்.

படுக்க வைத்தார்கள். சொட்டு மருந்து, திரும்பவும் சொட்டு மருந்து. முகத்தில் ஒரு துணியைப் போட்டு, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டார்கள். இமையைக் கம்பி வைத்து விரித்தார்கள். மூட முடியவில்லை. அதைவிடப் பயங்கரம் எதுவும் இல்லை, பயந்தால் கண்ணை மூடிக்கொள்ள முடியாது என்பது. செல்வத்தை உள்ளே விடவில்லை. வெளியே அவள் யாரோடோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தது கேட்டது, அது ஆறுதலாக இருந்தது.

"மேல பாருங்க பாட்டி. அசையாதீங்க."

ஒரு அழுத்தம். கண்ணுக்குள் தண்ணீரில் மை கலங்குவது போல ஏதோ சுழன்றது. அவ்வளவுதான். இது போல மாதம் ஒன்றாக இன்னும் இரண்டு போட்ட பிறகுதான் கசிவு நின்றதா இல்லையா என்று தெரியுமாம்.

கட்டோடு வீட்டுக்கு வந்தேன். இனி கிளப் என்று சொல்ல முடியாது. ஷீபா கதவைத் திறந்தாள். செல்வம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.  ஷீபா என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனாள். போன் எடுக்கிற சத்தம். "என்னங்க, அத்தைக்கு..." என்றாள். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தக் கதவு சாத்தின சத்தம் ஊசியைவிட ஆழமாக இறங்கியது. என்னை எங்கே போடுவது என்று பேசுகிறார்கள். எந்த அறை, யார் பார்ப்பது, எவ்வளவு நாள். அம்மாவைப் பற்றியும் இப்படித்தான் கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருப்பார்கள். அவள் கட்டிலில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நான் எழுந்தேன். "மைனி, விழுந்துருவிய" என்றாள் செல்வம். விழவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். திறந்ததும் சொன்னேன்:

"என்னப் பத்திப் பேசுததா இருந்தா என் முன்னால பேசு."

ஷீபா அழுதுகொண்டிருந்தாள் போலிருக்கிறது, குரல் கம்மியிருந்தது. "எனக்கு ஏன் சொல்லல அத்தை? ரெண்டு மாசமா இப்படி இருந்திருக்கு, ஒரே வீட்டுலதானே இருக்கோம். நான் என்ன செஞ்சிருவேன்னு பயந்தீங்க?"

 லில்லியை அவளுக்குத் தெரியாது. கையை நீட்டினேன். போனைக் கொடுத்தாள்.

"அம்மா," என்றான் ஜெபசிங். "என்னம்மா இது? நீங்க நல்லா இருக்கீங்கல்லா?"

நல்லா இருக்கேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் அப்பா இறந்த அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன்.

"ஒரு கண்ணு போச்சுலே. இன்னொண்ணு எப்பிடின்னு தெரியல. எனக்குப் பயமா இருக்கு."

 கடல் தாண்டி அவன் மூச்சு மட்டும் கேட்டது.

"நீங்க இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல. இன்னொரு தடவ சொல்லுங்கம்மா."

சொன்னேன்.